கொள்ளைக் குறைத்தால் குதிரை நடக்கும்

ஒரு காலத்தில் திருப்பதி ரயில் நிலையத்துக்கு வெளியே வந்தால் ஜட்கா வண்டிகள் காத்து நிற்கும். நாள் முழுதும் ஓடிய அந்தக் குதிரைகளுக்குத் தின்ற கொள்ளு உடம்பில் ஒட்டியதில்லை. மோட்டார் வந்தது, ஜட்கா போயிற்று. இன்று குதிரையைப் பெரும்பாலும் கல்யாண ஊர்வலத்திலும் சுவாமி புறப்பாட்டிலும்தான் காண முடிகிறது. திருமலை பிரம்மோற்சவத்தில் வாகனத்துக்கு முன்னே யானை, காளைகளோடு அலங்காரக் குதிரையும் நடந்து வருவதை யாத்திரிகர்கள் அறிவர்.

சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. வாடகைக் குதிரைக்கு முகூர்த்த நாளில் வேலை. மற்ற நாளில் லாயத்தில் கிடை. ஆனால் கொள்ளின் படி மட்டும் ஜட்கா காலத்துப் படியாகவே இருந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, சித்தூர்ப் பக்கம் வெல்லத்துக்குப் பஞ்சமில்லை. "பாவம், வாயில்லா ஜீவன்" என்று போவோர் வருவோரெல்லாம் வெல்லமும் வாழைப்பழமும் ஊட்டுகின்றனர். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது மனிதனுக்குச் சொன்னது. கொழுத்த குதிரைக்குக் கொள்ளே எமன்.

இந்த வியாதியை டாக்டர்கள் லாமினைடிஸ் என்கின்றனர். குளம்புக்குள் இருக்கும் எலும்பை வெளி ஓட்டோடு பிடித்து நிறுத்துவது மெல்லிய சதை மடிப்புகள். மாவும் சர்க்கரையும் மிதமிஞ்சினால் ரத்தத்தில் இன்சுலின் ஏறி இந்தப் பிடிப்பு தளர்கிறது. ஒரே வேளையில் தானியத்தை அள்ளித் தின்றாலோ, ஜீரணமாகாத மாவு பெருங்குடலில் புளித்து விஷமாகிறது. அதன் பலனும் குளம்பில்தான். முற்றினால் எலும்பு கீழே இறங்கிவிடும். பிறகு அந்தக் குதிரை ஊர்வலம் போவது ஏது? அதை நம்பிய குடும்பத்தின் கதியும் அதுவே.

கழுத்தின் மேல்புறம் கொழுப்பு திரண்டு கெட்டியாக இருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. குளம்பு சுடுவதும், முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்பதும், திரும்பத் தயங்குவதும் வியாதி வந்துவிட்டதன் அடையாளங்கள்.

அப்படிப்பட்ட குதிரைக்குக் கொள்ளு, தவிடு, சோறு, வெல்லம், பழம், கரும்புத் தோகை எதுவும் ஆகாது. காய்ந்த புல்லே பிரதான ஆகாரம். அதையும் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்து போகும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நம் வெயிலில் ஊறிய புல் சீக்கிரம் புளிக்குமாதலால் உடனே போடுவது நல்லது. ஊறும்போது தாதுக்களும் போய்விடுவதால் டாக்டரைக் கேட்டுத் தாது உப்புக் கலவை கொஞ்சம் சேர்க்கலாம். இளைக்கட்டும் என்று பட்டினி போடுவது பெரிய தவறு. கொழுப்பு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 கிலோ காய்ந்த புல்லாவது வேண்டும். ஒரேயடியாகப் போடாமல் நாலைந்து வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். எந்தத் தீவன மாற்றமும் பத்து நாளில் படிப்படியாக நடக்கட்டும். ஆனால் கால் நொண்ட ஆரம்பித்துவிட்டால் கொள்ளை அன்றே நிறுத்திவிட வேண்டியதுதான்.

நொண்டும் குதிரையை நடத்தக் கூடாது. மணல் பரப்பி நிறுத்தி, குளம்புகளை ஐஸ் நீரில் வைத்து, டாக்டரை அழைக்க வேண்டும். திருப்பதியில் 1955-லேயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது; 2005-ல் அங்கே பல்கலைக்கழகமும் ஏற்பட்டது. இரவில் கட்டை அவிழ்த்துக்கொண்டு குதிரை கொள்ளு மூட்டையில் வாய் வைத்துவிட்டால், நொண்டட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். நொண்டல் தெரிய ஒன்றிரண்டு நாளாகும்; ஐஸ் வைக்க வேண்டியது அதற்கு முன்பே.