மலைத் தோட்டப் பாதைக்காகப் பிக்கப் வண்டியை உயர்த்தலாமா?

சிறுமலை, தாண்டிக்குடி, கொல்லிமலை, கல்வராயன்மலை போன்ற இடங்களில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு விளைவிப்பதைவிடப் பெரிய கவலை, விளைந்ததைத் தார்ச்சாலை வரை கொண்டுவந்து சேர்ப்பதுதான். சிறுமலையில் வாழைத்தார்களைக் குதிரை முதுகில் ஏற்றிக் கொண்டுவரும் வழக்கம் நெடுநாளாக உண்டு. குதிரை கட்டுப்படியாகாதவர்களில் பலர், சமவெளியில் ஓடிய பழைய பிக்கப் வண்டியை வாங்கி மலைப்பாதையில் விடுகிறார்கள். முதல் மழைக்குப் பிறகு பாதையில் சக்கரத்தடம் பள்ளமாகிவிடுகிறது. நடுவில் திட்டு நிற்கிறது. வண்டியின் அடிப்பாகம் 'கரகர'வென்று தேய்க்கத் தொடங்குகிறது.

உடனே பட்டறைக்குப் போகிறார்கள். "ரெண்டு பட்டை ஏத்திப்புட்டாச் சரியாப் போயிரும்ணே" என்று ஒரு பட்டறையில் சொல்வார்கள். இன்னொரு கடையில், வெளியூரிலிருந்து வரவழைத்த 'லிஃப்ட் கிட்' இருக்கிறது, நான்கு அங்குலம் உயர்த்தித் தருகிறோம் என்பார்கள். ஒரு வெள்ளாமையின் லாபம் முழுவதும் அதில் போய்விடக்கூடும். அவ்வளவு செலவு செய்தும் வண்டி அதே இடத்தில் அதேபோல் தட்டினால் யாரைக் கேட்பது? அப்படி நடக்கிறது. காரணம் எளிது.

எது தட்டுகிறது?

வண்டியை உயர்த்துவது என்பது, அச்சுக்கும் சேஸுக்கும் இடையிலுள்ள கமான் பட்டையை உயர்த்துவது. அப்போது பட்டைக்கு மேலே இருப்பவை உயரும்: சேஸ், எஞ்சின் அடித்தட்டு, டீசல் டாங்கி, படிக்கட்டு. பட்டைக்குக் கீழே இருக்கும் அச்சு ஒரு நூல்கூட உயராது. பின் அச்சின் நடுவில் பானைபோல் பருத்து, உள்ளே கிரவுன் சக்கரம் உள்ள பெட்டிதான் பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் தரைக்கு மிக அருகில் இருப்பது. நடுத்திட்டில் முதலில் உரசுவதும் அதுவே. நான்கு அங்குலம் உயர்த்தினாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆகவே, தட்டுவது எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நீற்றிய சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து, கிரவுன் பெட்டி, எஞ்சின் அடித்தட்டு, டாங்கி, புகைக்குழாய், பட்டையின் அடி ஆகியவற்றில் பூசிக் காயவிட வேண்டும். வழக்கமான சுமையுடன் பாதையில் ஒருமுறை போய்வந்து, சமதரையில் நிறுத்திக் கீழே பார்த்தால், எங்கே சுண்ணாம்பு வழித்துக்கொண்டு போயிருக்கிறதோ அதுதான் தட்டும் இடம். காலி வண்டியில் போய்ப் பார்ப்பதில் பயனில்லை. சுமையோடு பட்டை தாழ்ந்திருக்கும்போது தட்டுவதுதான் கணக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. சக்கரங்களுக்குக் கல் வைத்துப் பிறகு பார்க்கவும்.

கிரவுன் பெட்டிதான் தட்டுகிறது என்றால் அதற்கு மருந்து டயர், அல்லது மண்வெட்டி. எஞ்சின் அடித்தட்டோ டாங்கியோ தட்டினால்தான் பட்டையைப் பற்றிப் பேச வேண்டும்.

சுமையா, சோர்ந்த பட்டையா?

அதிலும், வண்டி தாழ்ந்திருப்பதன் காரணத்தைப் பார்க்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையும் காலி எடையும் இருக்கும். மொத்த எடை 2,900 கிலோ, காலி எடை 1,650 கிலோ என்றிருந்தால், ஏற்றக்கூடியது 1,250 கிலோ. ஓட்டுநரும் உடன் வருபவரும் 150 கிலோ என்றால் மீதி 1,100 கிலோ. தக்காளிப் பெட்டி ஒன்று 16 கிலோ என்றால் 68 பெட்டிதான் கணக்கு. நூறு பெட்டி அடுக்கினால் 500 கிலோ அதிகம். இந்த நிலையில் பட்டை மட்டம்தட்டி, அச்சுக்கு மேலுள்ள ரப்பர் முட்டில் சேஸ் உட்கார்ந்துவிடும். அதன்பிறகு ஒவ்வொரு குழியின் அடியும் நேராகச் சேஸுக்குப் போகிறது. பெட்டியின் அடியிலிருக்கும் தக்காளி நசுங்குவதும் அங்கேதான். வழியில் ஒரு எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது. பலருக்கு அது அதிர்ச்சியாகவே இருக்கும்.

எடை சரியாக இருந்தும் வண்டி தாழ்ந்தால், பட்டை சோர்ந்திருக்கலாம். சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மேலே மட்கார்டின் விளிம்பு வரை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். சுமை ஏற்றிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். இடது வலது இரண்டுக்கும் கணிசமான வித்தியாசம் இருந்தால், ஒரு பக்கத்துப் பட்டை ஒடிந்திருக்கிறதா, சென்டர் போல்ட் அறுந்திருக்கிறதா என்று பார்க்கவும். ஒடிந்த பட்டை மண்ணும் கிரீசும் மூடிக் கண்ணுக்குத் தெரியாது. கழுவித்தான் பார்க்க வேண்டும்.

பழைய பட்டையை உலையில் காய்ச்சி அடித்து வளைத்துத் தருவது சில பட்டறைகளில் வழக்கம். காய்ச்சிய எஃகுக்கு மீண்டும் முறையாகப் பதமேற்றாவிட்டால், அது சில மாதங்களில் மறுபடி தாழ்ந்துவிடும், அல்லது ஒடியும். காசு சற்றுக் கூடினாலும் அதே வண்டிக்குரிய புதுப் பட்டைக் கட்டைப் போடுவதே மேல். பத்து ஆண்டு ஓடிய வண்டிக்குப் புதுப் பட்டை போட்டால், இழந்த உயரம் திரும்பக் கிடைக்கும். பாதி விவசாயிகளுக்கு அதற்குமேல் வேண்டியிருக்காது.

டயரில் எவ்வளவு கிடைக்கும்?

அச்சை உயர்த்துவது டயர் ஒன்றே. ஆனால் கிடைப்பது விட்டத்தின் பாதிதான். 215/75 ஆர் 15 என்ற டயரின் விட்டம் சுமார் 703 மி.மீ. 235/75 ஆர் 15 சுமார் 733 மி.மீ. வித்தியாசம் 30 மி.மீ.; அச்சு உயர்வது 15 மி.மீ. ஒரு விரல் அகலம்கூட இல்லை. இதற்கு விலையாக, மீட்டர் 50 காட்டும்போது வண்டி 52 கி.மீ. வேகத்தில் ஓடும். ஏற்றத்தில் இழுவை நூற்றுக்கு நான்கு பங்கு குறையும். முழுவதும் ஒடிக்கும்போது டயர் மட்கார்டில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். டயரின் சுமைக் குறியீட்டெண், பழைய டயரைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. கார் டயரை மலிவாகக் கிடைக்கிறதென்று பிக்கப்புக்குப் போடுவது ஆபத்து.

உயர்த்துவது என்று முடிவானால்

சந்தையில் உள்ள முறைகள் ஒன்றுபோல் அல்ல. பின் அச்சுக்கும் பட்டைக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து நீளமான யூ போல்ட் போடுவது மலிவானது. பின்பக்கம் ஒரே ஒரு கட்டையோடு நிறுத்திக்கொண்டால் பழுதில்லை. கட்டைமேல் கட்டை அடுக்குவதும், முன் அச்சுக்குக் கட்டை வைப்பதும் கூடவே கூடாது. ஷாக்கிளை நீளமாக்குவது இன்னொரு முறை. ஷாக்கிள் 5 செ.மீ. நீண்டால் வண்டி உயர்வது சுமார் இரண்டரை செ.மீ.தான். வண்டி பக்கவாட்டில் ஆடவும் தொடங்கும்.

கூடுதல் பட்டை சேர்ப்பது நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் பழக்கமான வேலை. சுமையோடு போகும்போது இது நன்றாகவே தாங்கும். ஆனால் பாதிச் சுமையிலும் காலியாகவும் வண்டி கல்போல் குதிக்கும். வாரம் இரண்டு நாள் முழுச்சுமை, மற்ற நாளெல்லாம் நாற்றும் உரமும் பால் கேனும் ஏற்றுகிறவருக்கு இது ஒத்துவராது. கனிந்த தக்காளி, கொய்யா, பூ ஏற்றுபவர்களுக்கும் அப்படியே. மேலும், பட்டை சேர்த்ததால் ஏற்றும் எடை கூடிவிட்டது என்று நினைப்பது தவறு. அச்சும், பிரேக்கும், டயரும் பழையவைதானே.

அதிக வளைவுள்ள புதுப் பட்டைக் கட்டும், அதற்கேற்ற நீளமான ஷாக் அப்சார்பரும், புது யூ போல்ட்டும் சேர்ந்து வருவதே முறையான கிட். இவற்றில் லேசான சுமை, நடுத்தரச் சுமை, நிரந்தரப் பெருஞ்சுமை என்று தனித்தனிப் பட்டைகள் உண்டு. கடைக்காரர் பெருஞ்சுமைக்கானதையே சிபாரிசு செய்யக்கூடும். ஆண்டின் பெரும்பகுதியில் வண்டி என்ன எடையோடு ஓடுகிறதோ அதற்குரியதைக் கேட்டு வாங்க வேண்டும். கிட் அதே மாடல் வண்டிக்கு உரியதாக இருப்பது அவசியம். பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைத்தால், சக்கரம் குழியில் இறங்கும்போது அது இழுபட்டு அறுந்துவிடும்.

சுமை வண்டிக்கு 5 செ.மீ., அதாவது இரண்டு அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். அதைத் தாண்டினால் ஷாப்ட்டின் கோணம் மாறி அதிர்வு உண்டாகும். ஜாயின்ட் சீக்கிரம் தேயும். பிரேக் குழாய் எட்டாமல் இழுக்கும். ஒன்றைச் சரிசெய்யப் போய் ஐந்தைச் சரிசெய்ய வேண்டிவரும். நான்கு அங்குல கிட் எல்லாம் பொழுதுபோக்குக்காகக் காட்டிலும் மணலிலும் ஓட்டுகிறவர்களுக்கு, தக்காளிக்கு அல்ல.

சாய்வும் பிரேக்கும்

உயர்த்திய வண்டி எளிதில் சாயும். சக்கரங்களுக்கிடையே அகலம் 140 செ.மீ., சுமையோடு எடையின் மையம் தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொண்டால், நிற்கும் வண்டி பக்கவாட்டில் சுமார் 41 பாகை சாயும்வரை கவிழாது. 5 செ.மீ. உயர்த்தினால் அது 39½ பாகையாகிறது. இதே வண்டியில் பெட்டிகளை உயரமாக அடுக்கி மையம் 110 செ.மீ.க்குப் போனால், எல்லை 32 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கிட்டைவிட அடுக்கும் விதமே பெரிய எமன் என்பது இதிலிருந்து தெரியும். இது ஏட்டுக் கணக்கு. ஓடும் வண்டியில் பட்டை ஒரு பக்கம் அமுங்கி, தாழ்ந்த சக்கரம் குழியிலும் இறங்கினால், இதற்கு வெகு முன்பே வண்டி புரண்டுவிடும். கனமான மூட்டைகள் அடியில், லேசானவை மேலே என்ற பழைய மாட்டுவண்டிப் பாடத்தை இங்கேயும் மறக்கக் கூடாது.

பலர் அறியாத ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸுக்கும் இடையே ஒரு சிறு கம்பியோடு இணைந்த வால்வு உண்டு. வண்டி காலியாக உயர்ந்து நிற்கும்போது அது பின் பிரேக்கைக் குறைக்கும். சுமையில் தாழும்போது கூட்டும். வண்டியை உயர்த்திவிட்டால், சுமை இருந்தும் 'காலி' என்றே அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். இறக்கத்தில் முழுச்சுமையோடு வரும்போது பின் பிரேக் போதிய அளவு பிடிக்காது. முன் பிரேக் மட்டும் சூடேறும். கம்பியை மறுபடி சரிசெய்து தரும்படி பட்டறையில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் விட்டுவிடக்கூடும்.

அறுவடை நாளில் பெட்டிகளின்மேல் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு இறங்குவது மலையில் சாதாரணக் காட்சி. 2024ஆம் ஆண்டு மே மாதம் சத்தீஸ்கர் மாநிலம் கவர்தா பகுதியில், பீடி இலை பறித்துவிட்டுத் திரும்பிய பழங்குடி மக்களை ஏற்றிவந்த பிக்கப் வண்டி பள்ளத்தில் விழுந்து 19 பேர் இறந்தார்கள். கூலிக்குப் போனவர்கள் அவர்கள். உயர்த்தாத வண்டியே ஆட்களுக்கு ஏற்றதல்ல. உயர்த்திய வண்டியில் பின்னால் ஓர் ஆளையும் ஏற்றக் கூடாது. சரக்கு வண்டிக் காப்பீடும் அப்படி ஏறிவரும் பயணிகளுக்குப் பொதுவாகப் பொருந்தாது.

சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிக எடைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அதே அளவில் புதுப் பட்டை மாற்றுவது பழுதுபார்ப்பு, உயர்த்துவது வேறு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

பாதையையும் பார்க்கலாம்

சுண்ணாம்புச் சோதனையில் கிரவுன் பெட்டிதான் அகப்பட்டதென்றால், மழை நின்று மண் ஈரமாக இருக்கும் நாளில் இரண்டு ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கி நடுத்திட்டைச் செதுக்கலாம். செதுக்கிய மண்ணைச் சக்கரத்தடத்தில் அப்படியே போட்டால் அடுத்த மழையில் கரைந்துவிடும். அடியில் கைக்கடக்கமான கற்களை அடுக்கி, மேலே சரளை போட்டுக் கெட்டிக்க வேண்டும். ஏற்றமான இடங்களில் பாதைக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாக, ஆழமற்ற வடிகால் எடுத்து நீரைப் பள்ளப்பக்கம் திருப்பிவிட்டால் தடம் அரிக்காது. வடிகால் வாயில் வெட்டிவேரோ புல்லோ நட்டால் மண் பிடித்துக்கொள்ளும். ஒரே பாதையைப் பயன்படுத்தும் நான்கைந்து தோட்டக்காரர்கள் ஆளுக்கு ஒரு நாள் கொடுத்தால் முடியும் வேலை இது.

பட்டையோ கிட்டோ மாற்றியவர்கள் மட்டும், முதல் வாரம் பாதிச் சுமையோடு ஓட்டி, சுமார் 500 கி.மீ. ஆனதும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும். வீல் அலைன்மென்டும் முன்விளக்கின் உயரமும் அப்போதே பார்க்கப்பட வேண்டும். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட்டிருந்தால், அன்றைக்கே கழற்றிப் புதியது வாங்கி மாட்டவும்.