கறிவேப்பிலை அழகி!

நண்பன் ஒருவன் மலேசியா போய்விட்டு வந்தான். திருச்சியில் ஏறினால் நேரே கோலாலம்பூர்! வந்தவன் சாக்லேட், தைலம் என்று கொடுத்திருந்தால் மன்னித்திருப்பேன். செல்போனை நீட்டினான். கறுப்புச் சிறகில் பச்சை மின்னும் ஒரு பட்டாம்பூச்சி.

'ராஜா ப்ரூக்! அந்த ஊரோட தேசியப் பட்டாம்பூச்சி. உங்க ஸ்ரீரங்கத்துல என்னடா இருக்கு?'

தன்மானம் என்று ஒன்று இருக்கிறதே! அடுத்த ஞாயிறே கேமராவும் கையுமாகக் கிளம்பிவிட்டேன். வாசலில் அம்மா மடக்கினாள்.

'டேய், கறிவேப்பிலைச் செடியைப் புழு மொட்டையடிச்சுடுத்து. எடுத்துப் போட்டுட்டுப் போ!'

கொல்லைப்புறம் போய்க் குச்சியால் தட்டினேன். பதினொரு புழுக்கள். செருப்பால் ஒரே தேய்... கணக்கு முடிந்தது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலூரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015-ல் திறந்தது. சுமார் 25 ஏக்கர். இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நான் கேமராவைத் திருப்பியதும் புதரோரம் இருந்த ஒரு ஜோடி முறைத்துக்கொண்டு எழுந்து போனது. சார், உங்களை இல்லை சார்!

ஒரு மணி நேரம் வியர்வையில் குளித்த பிறகு வந்தாள் அவள். கறுப்புப் பட்டு, பின்சிறகில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பொட்டுகள். க்ளிக்! பக்கத்தில் பைனாகுலரோடு நின்ற பெரியவரிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

'காமன் ரோஸ்னு நெனச்சீங்களா? உடம்பைப் பாருங்க தம்பி. ரோஸுக்கு உடம்பு சிவப்பா இருக்கும். இது கறுப்பு. வேஷக்காரி!'

விளக்கினார். காமன் ரோஸின் புழு தின்பது ஆடுதின்னாப்பாளை. அந்தக் கொடியின் விஷம் உடம்பிலேயே தங்கிவிடுவதால், பறவைகள் கிட்டே வராது. அந்த மரியாதைக்கு ஆசைப்பட்டு அதே புடவையைக் கட்டிக்கொண்டு திரிகிறாள் காமன் மார்மோன் பெண். இந்த இனத்துப் பெண்களில் மூன்று ரகம். ஒன்று ஆணைப் போலவே. ஒன்று காமன் ரோஸ் மாதிரி. இன்னொன்று கிரிம்சன் ரோஸ் மாதிரி. இத்தனைக்கும் இவளிடம் ஒரு சொட்டு விஷம் கிடையாது!

'தமிழ்ல இவ பேரு கறிவேப்பிலை அழகி. புழுவா இருக்கறப்போ கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை இலையைத் தின்னும். உங்க வீட்ல செடி இருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாமே!'

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் பி.காம். காலையில் பதினொரு அழகிகளை டெபிட் செய்துவிட்டு, ஒரு அழகியை க்ரெடிட் செய்ய பஸ் ஏறி வந்திருக்கிறேன்! பூவைத் தேடித்தான் பட்டாம்பூச்சி வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டையிட அதற்கு இலை வேண்டும். அதுவும் அதற்கென்று உள்ள இலை. களை என்று நாம் பிடுங்கி எறிவதில் யாருடைய பிரசவ ஆஸ்பத்திரி போகிறதோ!

வீட்டுக்கு ஓடினேன். இரண்டு மிச்சமிருந்தன. ஒன்று பறவை எச்சம் மாதிரியே வேஷம் போட்டுத் தப்பித்திருந்தது. இன்னொன்று பெரிய பச்சைப் புழு. தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு நீட்டி, நாற்றமடித்து என்னைத் திட்டியது. திட்டட்டும்.

அம்மாவிடம் மன்றாடி இரண்டு கிளைகளுக்கு விலக்கு வாங்கினேன். பச்சைப் புழு கூட்டுப்புழுவானது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, ஈரச் சிறகை மெல்ல விரித்தாள் அழகி. நான் கேமராவை எடுத்து வருவதற்குள் பறந்துவிட்டாள்.

'போச்சே!' என்றேன்.

அம்மா வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'போனா போறது. கறிவேப்பிலையைக் காய்கறிக்காரன் கொசுறா குடுப்பான். இதை யாருடா கொசுறா குடுப்பா?'