சுகாதாரக் கணக்கும் கணிப்பொறியும்

கிராமப்புறங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியர்களின் நேரத்தில் கணிசமான பகுதி எழுத்து வேலையிலேயே கழிந்துவிடுகிறது என்பது யாவரும் அறிந்ததே. கர்ப்பிணிகளின் பதிவேடு, பிரசவப் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு, காய்ச்சல் கண்டோர் பதிவேடு, மருந்து இருப்புப் பதிவேடு எனப் பலவற்றை அவர்கள் வைத்துவர வேண்டியிருக்கிறது. மாத முடிவில் இவற்றிலிருந்து எண்களைத் திரட்டி, படிவங்களில் நிரப்பி, மேலிடத்திற்கு அனுப்பவும் வேண்டும். இவ்வாறு திரட்டும் வேலையைக் கணிப்பொறி சிறிது சிறிதாக ஏற்றுக்கொண்டு வருகிறது. அது எவ்வாறு நடைபெறுகிறது, அதனால் ஆவது யாது, ஆகாதது யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

கூட்டலில் மறையும் செய்தி

சமவெளிகளில் 5,000 பேருக்கும், மலைப்பகுதிகளிலும் பழங்குடியினர் வாழும் பகுதிகளிலும் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள அளவாகும். அங்கு எழுதப்படும் எண்கள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒன்றாகக் கூட்டப்பட்டு, வட்டாரம், ஜில்லா, மாநிலம் என்று படிப்படியாக மேலே செல்வது வழக்கம். ஒவ்வொரு படியிலும் பிழை நேரவும் தாமதம் ஏற்படவும் இடமுண்டு. இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. எண்களைக் கூட்டக் கூட்ட, அவற்றுள் அடங்கிய செய்தி மறைந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு துணை நிலையத்தின் ஐந்து கிராமங்களில் ஒரு வாரத்தில் ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்குக் கண்டதாக வைத்துக்கொள்வோம். ‘ஒன்பது’ என்ற எண்ணைப் பார்க்கும் அதிகாரிக்கு அதில் ஐயம் தோன்றக் காரணமில்லை. ஆனால், அவர்களுள் ஏழு பேர் ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே கிணற்று நீரைப் பருகுபவர்கள் என்று தெரிந்தால் நிலைமை வேறு. அன்றே அக்கிணற்றைச் சோதித்து, குளோரின் கலந்து, நோய் பரவாமல் தடுக்கலாம். இச்செய்தி பதிவேட்டில் இருக்கிறது. மொத்தக் கணக்கிலோ இல்லை.

புதிய முறை

நாடெங்கும் சுகாதாரக் கணக்குகளை இணையம் வழியாகப் பெறும் சுகாதார மேலாண்மைத் தகவல் முறை 2008 அக்டோபரில் தொடங்கப்பட்டது. தாய் சேய் ஒவ்வொருவரையும் பெயர் வாரியாகத் தொடர்ந்து கவனிக்கும் முறை 2009-லும், காசநோயாளிகளைப் பதிவு செய்யும் நிக்ஷய் முறை 2012-லும் ஏற்பட்டன. தொற்று நோய்களைப் பொறுத்தமட்டில், 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின்படி வாரந்தோறும் மொத்த எண்ணிக்கைகள் அனுப்பப்பட்டு வந்தன. இதன் இடத்தில், நோய் கண்டவர் ஒவ்வொருவரையும் இடக் குறிப்புடன் நாள்தோறும் பதியும் முறை 2018-ல் ஏழு மாநிலங்களிலும், 2021 ஏப்ரலில் நாடு முழுவதிலும் புகுத்தப்பட்டது. முன்பு 18 நோய்களைப் பற்றியே விவரம் திரட்டப்பட்டது. புதிய முறையில் அவை 33 ஆயின.

இம்முறைகளின் அடிப்படைத் தத்துவம் எளியது. ஒரு நிகழ்ச்சியை அது நிகழ்ந்த இடத்திலேயே ஒரு முறை பதிவு செய்துவிட வேண்டும். அதன்பின் கிராமவாரியாகவோ, வயதுவாரியாகவோ, வாரவாரியாகவோ எண்ணித் தருவது கணிப்பொறியின் வேலை. தொலைத்தொடர்பு எட்டாத இடங்களில் பதிவைக் கருவியிலேயே சேமித்து வைத்து, தொடர்பு கிடைத்தவுடன் அனுப்பும் ஏற்பாடும் செய்ய இயலும்.

பொருந்தாத எண்களைச் சுட்டிக்காட்டவும் கணிப்பொறிக்குக் கற்பிக்கலாம். பன்னிரண்டு பிரசவங்களுக்குப் பதின்மூன்று குழந்தைகள் பிறந்ததாக எழுதினால் அது எச்சரிக்கும். ஆனால், ஓர் இரட்டைப் பிரசவம் நிகழ்ந்திருக்கலாம் அல்லவா? ஆகையால், இத்தகைய இடங்களில் இயந்திரம் கேள்வி கேட்க வேண்டுமேயன்றிப் பதிவை மறுத்துவிடலாகாது. மறுத்தால், இயந்திரத்தை நிறைவு செய்வதற்காக உண்மையான எண்ணை மாற்றி எழுதும் வழக்கம் ஏற்பட்டுவிடும்.

சுழியும் வெற்றிடமும்

களப்பணியாளர்கள் முக்கியமாக மனத்திற்கொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ‘நோயாளி எவரும் இல்லை’ என்பது வேறு. ‘நான் பார்க்கவில்லை’ என்பது வேறு. முன்னதற்குச் சுழி எழுத வேண்டும். பின்னதற்கு இடத்தை வெறுமையாக விட வேண்டும். வெற்றிடங்களைத் தானாகவே சுழியாகக் கொள்ளும் முறை ஒன்று அமைந்துவிட்டால், ஊழியரே இல்லாத கிராமம் நோயே இல்லாத கிராமமாகக் காட்சியளிக்கும்.

இளம்பிள்ளைவாத ஒழிப்பு இதற்குச் சிறந்த சான்றாகும். குழந்தைகளின் கைகால்கள் திடீரெனத் துவண்டுபோகும் நிகழ்ச்சிகளைக் கண்டறியும் பணி நம் நாட்டில் 1997-ல் தொடங்கிற்று. நோயாளி எவரும் இல்லாத வாரத்திலும் ‘சுழி’ என்று அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது விதி. இத்தகைய வாதம் வேறு காரணங்களாலும் ஏற்படுவதுண்டு. பதினைந்து வயதுக்குட்பட்டோர் ஒரு லட்சம் பேரில் ஆண்டிற்கு ஒருவரேனும் அவ்வாறு கண்டறியப்பட வேண்டும் என்பது உலக அளவில் கொள்ளப்பட்ட குறைந்தபட்ச அளவாகும். அதற்கும் குறைந்தால், அப்பகுதியில் நோய் இல்லை என்று எவரும் மகிழவில்லை. தேடுதல் போதவில்லை என்றே கருதினர். நம் நாட்டின் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌரா ஜில்லாவில் கண்டறியப்பட்டார். அதன்பின் வந்த சுழிகள் தேடிப் பார்த்து எழுதப்பட்டவை. ஆதலால்தான் 2014 மார்ச்சில் நாடு அந்நோயினின்றும் விடுபட்டதாகச் சான்றளிக்க முடிந்தது.

கவனிக்க வேண்டியவை

கருவியைக் கொடுத்துவிட்டு, பழைய பதிவேடுகளையும் முன்போலவே எழுதச் சொன்னால் ஊழியரின் சுமை இரட்டிப்பாகும். இரண்டு கணக்குகளும் ஒன்றுக்கொன்று மாறுபடவும் கூடும். எனவே, புதிய பதிவு நிலைபெற்றவுடன் எந்தப் பதிவேடு நிறுத்தப்படும் என்பதை மேலதிகாரிகள் தெளிவாக அறிவித்தல் வேண்டும்.

இரண்டாவதாக, மேலே சென்ற எண் பயனுள்ள உருவில் கீழே திரும்பி வர வேண்டும். ‘இவ்வாரம் தடுப்பூசி போடப்பட வேண்டிய குழந்தைகள் இவர்கள்’ என்ற பட்டியல் ஊழியரின் கைக்குக் கிடைத்தால், அவர் பதிவைத் தம் சொந்தக் கருவியாகக் கருதிக் கவனமாக எழுதுவார்.

மூன்றாவதாக, நோயாளியின் பெயரும் நோயும் ஒருங்கே பதியப்படுவதால் அவற்றின் இரகசியத்தைக் காத்தல் அவசியம். தம் கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுப்பது, பதிவேட்டைத் தெருத்திண்ணையில் விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. வாரந்தோறும் மாணவர்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை வழங்கும் திட்டத்தில், வழங்கிய எண்ணிக்கையைக் குறிப்பது அவர்களே. வழங்கப்பட்ட மாத்திரையும் மாணவர் உட்கொண்ட மாத்திரையும் ஒன்றல்ல என்பதை அவர்கள் நன்கறிவர். கண்ணெதிரே உட்கொண்டதை மட்டும் எழுதினால்தான் அக்கணக்கு இரத்தசோகையைக் குறைக்க உதவும்.

கணிப்பொறி விரைந்து கூட்டும், விரைந்து அனுப்பும். உண்மையான எண்ணையும் பொய்யான எண்ணையும் அது ஒரே வேகத்தில்தான் கொண்டு செல்லும். வீட்டு வாசலில் நின்று விசாரித்து, கண்டதைக் கண்டவாறே பதியும் ஊழியரின் பணியே இம்முறை அனைத்திற்கும் அடிப்படையாகும்.