மானுக்கு எந்தக் குண்டு?

டெக்சாஸில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே கடையில் ஒரே ரிவால்வருக்கு இரண்டு விதத் தோட்டாப் பெட்டிகளாம். ஒன்று தற்காப்புக்கு, மற்றது மான் வேட்டைக்கு. துப்பாக்கி ஒன்றுதானே, அப்புறம் என்ன வித்தியாசம் என்கிறார்.

இங்கே இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைச் சுட்டால் சிறைதான். அமெரிக்காவில் உரிமம் வாங்கி, பருவம் பார்த்து வெண்வால் மானைச் சுடலாம். பல மாநிலங்களில் கைத்துப்பாக்கியாலும். அதில் வேகம் குறைவு. ரைஃபிள் குண்டு நொடிக்கு 850 மீட்டர் பறக்கும் என்றால், .44 மேக்னம் ரிவால்வர் பதினைந்தரை கிராம் குண்டை 430 மீட்டர் வாக்கில்தான் தள்ளும். ஐடஹோக்காரரான எல்மர் கீத் பத்திரிகைகளில் விடாப்பிடியாக எழுதி, 1950களின் நடுவில் வரவழைத்த தோட்டா அது.

வேகம் இல்லாதபோது எல்லாம் குண்டின் மூக்கில் இருக்கிறது. அரிசி மண்டியில் அப்பா மூட்டையில் குத்தூசியைச் செருகி மாதிரி எடுப்பார். உருவியதும் சணல் இழைகள் கூடிக்கொள்ளும், ஓட்டை இருந்த இடமே தெரியாது. முழுக்கச் செப்புறை போர்த்திய உருண்டை மூக்குக் குண்டும் சதையில் அப்படித்தான் நுழைந்து வெளியேறுகிறது. மான் ஓடிவிடும், எங்கோ புதருக்குள் இரண்டு நாள் கிடந்து சாகும். மூக்கில் குழி வைத்த குண்டோ உள்ளே போனதும் பூப்போல் விரியும். தற்காப்புக் குண்டு சீக்கிரம் விரிந்து நின்றுவிட வேண்டும், பின்னால் நிற்பவர் மேல் படக் கூடாது. மானுக்கானது மெதுவாக விரிந்து, விலா எலும்பை உடைத்து, நுரையீரலைக் கடந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். அப்போதுதான் இரத்தத் தடம் பார்த்துத் தேடிப் போக முடியும்.

எனக்கு வியப்பு வேறிடத்தில். விரியும் குண்டுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த ஊர் கல்கத்தா பக்கத்திலுள்ள டம்டம். அங்கிருந்த பிரிட்டிஷ் ஆயுதச் சாலையில் 1890களில், உறை மூடாத ஈய மூக்கோடு குண்டு செய்தார்கள். எல்லைப்புறப் பழங்குடியினர் மேல் சுடுவதற்கு. 1899இல் ஹேக் மாநாடு, போரில் இவ்வகைக் குண்டு கூடாது என்றது. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்து வாக்களித்தன. போர்க்களத்தில் கொடுமை என்று விலக்கிய அதே குண்டைத்தான் இன்று பல அமெரிக்க மாநிலங்கள் மான் வேட்டைக்குக் கட்டாயமாக்கியிருக்கின்றன, மான் வதைபடாமல் சாகட்டும் என்று. இரண்டு சட்டமும் இரக்கத்தில் பிறந்தவைதான்.

இரக்கம் மானோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை. விரியும் ஈயம் துணுக்குகளாகச் சிதறும். ரைஃபிள் அளவுக்கு இல்லாவிட்டாலும் கைத்துப்பாக்கிக் குண்டும் கொஞ்சம் உதிர்க்கும். வேட்டைக்காரர் குடலைக் காட்டிலேயே எறிந்துவிட்டுப் போக, கழுகினங்கள் அதைத் தின்கின்றன. 1982இல் இருபத்திரண்டே மிஞ்சியிருந்த கலிபோர்னியா காண்டோர் கழுகுகளை இன்றும் அதிகம் கொல்வது ஈய நஞ்சு. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தை முற்றாகத் தடை செய்தது. முழுச் செப்பில் செய்த குண்டுகள் கிடைக்கின்றன. நன்றாக விரியும், பெரும்பாலும் துணுக்காகாது. விலை கூடுதல் என்று முணுமுணுக்கிறார்கள். ரிவால்வருக்கும் பயணத்துக்கும் கணக்குப் பார்க்காதவர்கள் ஒரு பருவத்துக்கு ஒரு பெட்டித் தோட்டாவில் மிச்சம் பிடிக்கிறார்கள். ஈயம்தான் என்றால் குடலையாவது ஆழமாகப் புதைத்துவிட்டு வரலாம். மண்வெட்டி எடுத்துப் போகச் சோம்பல்.