சாவியை வாங்கும் முன் தாளை வாங்குங்கள்

கிள்ளான், காப்பார், மேரு, பந்திங் வட்டாரத்தில் இது வாடிக்கையாகிவிட்டது. ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர், பூச்செடி வளர்ப்பவர், இரண்டு ஏக்கரில் காய்கறி போடுபவர் என்று யாராவது ஒருவர், முன்பக்கம் லோடர் பொருத்திய சின்ன டிராக்டரைப் பழைய மிசின் யார்டில் பார்க்கிறார். ஜப்பானிய நெல்வயலில் உழைத்து ஓய்ந்த குபோத்தாவோ யன்மாரோ இசேக்கியோ அது. இல்லையென்றால் தோட்டத்தில் கழித்துவிட்ட மாசி ஃபெர்குசன். புதிய வண்டியின் விலையோடு பார்த்தால் மிக மலிவு. "கொஞ்சம் செலவு பண்ணுங்க அண்ணே, பத்து வருசம் ஓடும்" என்கிறார் விற்பவர். ரொக்கம் கைமாறுகிறது, வண்டி லோரியில் ஏறுகிறது. சில மாதங்களில் லோடர் கை விரிசல் விடுகிறது, அல்லது கியர்பெட்டி ஓட்டில் எண்ணெய் வடிகிறது. விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை. அதற்குப் பிறகுதான் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். ரசீது எங்கே என்று கேட்டால், விலையைத் தவிர வேறெதுவும் எழுதாத ஒரு துண்டுச் சீட்டை நீட்டுகிறார்கள்.

வண்டியைச் சரிசெய்ய நல்ல ஃபோர்மேன்கள் நம்மிடம் இருக்கிறார்கள். தாளைச் சரிசெய்யத்தான் யாரும் இல்லை. தாள் சரியாக இல்லாத வண்டியில் போடும் ஒவ்வொரு வெள்ளியும் அடுத்தவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலத்தான்.

முதலில் இந்த வண்டி யாருடையது என்று பாருங்கள். நம் நாட்டின் பொருள் விற்பனைச் சட்டம் 1957, திருட்டுப் பொருளை வாங்கியவருக்கு உரிமை தருவதில்லை. காசு கொடுத்துத்தான் வாங்கினேன் என்று சொன்னாலும் உண்மையான சொந்தக்காரர் வந்தால் வண்டி போய்விடும். சேசிஸ் எண் தகடு சுரண்டப்பட்டிருந்தும் வாங்கினால் நிலைமை அதைவிட மோசம். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கியவரைத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவு குற்றவாளி ஆக்கும். ஆகவே சேசிஸில் அடித்த எண்ணையும் என்ஜினில் உள்ள எண்ணையும் நீங்களே துடைத்துப் பார்த்துப் படம் எடுங்கள். விற்பவர் சொல்லும் எண்ணை எழுதிக்கொண்டு வருவது சரிபார்ப்பு ஆகாது.

ஜப்பானிலிருந்து வந்த வண்டி என்றால் போர்ட் கிள்ளானில் சுங்கத்துறைக்குக் கொடுத்த கே1 இறக்குமதிப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். வரி கட்டாமல் வந்த பொருளை வைத்திருப்பதும் சுங்கச் சட்டம் 1967இன்படி குற்றமே. கொண்டுவந்தவர் மறைந்துவிட்டால், பறிமுதல் உங்கள் கொட்டகையில்தான் நடக்கும். தோட்டம் கழித்த வண்டி என்றால் தோட்ட நிர்வாகம் விற்ற பில்லைக் கேளுங்கள். அது இல்லை என்றால் அந்த வண்டியும் வேண்டாம்.

சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவான வண்டியாக இருந்தால் கெரானில் உள்ள பெயரும் உங்களுக்கு விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வங்கி, கடன் நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை ஏதாவது அதில் ஏறியிருக்கிறதா என்றும் இலாகாவிலேயே கேளுங்கள். பெயர் மாற்றத்துக்கு பி5 பரிசோதனையும் கே3 படிவமும் தேவை. இதை முடிக்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், சொந்தக்காரர் இறந்த பிறகு அவருடைய பிள்ளைகளைத் தேடி அலைகிறார்கள்.

பதிவே இல்லாத வண்டிகள்தான் அதிகம். வயலுக்குள் மட்டும் ஓட்டப் போகிறேன் என்பார்கள். ஒரு வேலியிலிருந்து மறு வேலிக்குப் போக இடையில் ஒரு கம்போங் சாலையைக் கடந்தாலும் அது சாலைதான். பொதுமக்கள் போய்வரும் எந்தப் பாதையையும் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987 சாலை என்றே கொள்கிறது. பதிவும், சாலை வரியும், மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் இல்லாமல் அதில் ஏறக் கூடாது. கார் லைசென்ஸ் போதும் என்பதும் தவறு. வெற்றெடை 5,000 கிலோவைத் தாண்டாத சக்கர டிராக்டருக்கு எஃப் வகுப்பு உரிமம் வேண்டும். காப்புறுதி இல்லாத டிராக்டர் ஒரு மோட்டார் சைக்கிள்காரரை இடித்தால் அந்தக் குடும்பத்துக்கான இழப்பீடு உங்கள் வீட்டிலிருந்துதான் போகும்.

அடுத்து ரசீது. இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். பொருள் விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியாக வேண்டும். அதாவது "என்ஜின் பிரித்துப் புது ரிங் போட்டது", "லோடர் சிலிண்டர் சீல் மாற்றியது", "இத்தனை கிலோ தூக்கும்" என்று வாயால் சொன்னதைத் தாளில் எழுதிவிட்டால், அது பொய்யாகும் நாளில் உங்களுக்கு வழக்கு இருக்கிறது. எழுதாவிட்டால் அது வெறும் பேச்சு. 16ஆம் பிரிவு விற்பனைத் தரத்தைப் பற்றிச் சொல்கிறது. ஆனால் அது அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்பவரைத்தான் கட்டும், பக்கத்துப் பண்ணைக்காரரைக் கட்டாது. வாங்குமுன் நீங்களே சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கும் பிறகு வழக்கு கிடையாது. பில்லின் அடியில் "உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது" என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ பொடி எழுத்தில் இருந்தால், அந்தக் கொஞ்சப் பாதுகாப்பையும் 62ஆம் பிரிவின் வழியாக எடுத்துவிட முடியும். படிக்கத் தெரியாவிட்டால் வீட்டில் படித்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். படிக்காத தாளில் கையெழுத்து போடாதீர்கள்.

ரசீதில் விற்பவரின் முழுப் பெயர், அடையாள அட்டை எண் அல்லது நிறுவனப் பதிவு எண், முகவரி, வண்டியின் பிராண்டு, மாடல், சேசிஸ் எண், என்ஜின் எண், மணி மீட்டர் காட்டும் எண், கூடவே தரும் பக்கெட், கலப்பை, ரோட்டரி, செய்து தருவதாகச் சொன்ன வேலைகள், விலை, தேதி, இருவர் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாக, ரசீதில் உள்ள அதே பெயருக்கு அனுப்புங்கள். "மச்சான் கணக்கில் போடுங்கள்" என்றால் போடாதீர்கள்.

வண்டியைப் பார்க்கும்போது என்ஜின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் போங்கள். முன்கூட்டியே ஓடவைத்துச் சூடாக்கியிருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். லோடர் சட்டகம் டிராக்டர் உடலோடு சேரும் இடம், முன் அச்சு, கை திரும்பும் பின்னும் புஷ்ஷும், மேலே பெயின்ட் அடித்து மறைத்த வெல்டிங், இவைதான் பார்க்க வேண்டிய இடங்கள். சின்ன ஜப்பானிய வண்டிகளில் பல லோடர் இல்லாமல் விற்கப்பட்டவை. பிறகு பட்டறையில் செய்து மாட்டிய லோடரின் பாரம் முன் அச்சையும் கிளட்ச் ஓட்டையும் தின்றுவிடும். பக்கெட்டில் மண்ணை ஏற்றி உயர்த்தி, என்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். கை தானாக இறங்கினால் சிலிண்டரோ வால்வோ போயிருக்கிறது.

பட்டறையிடமும் இதே கண்டிப்பு வேண்டும். பிரித்துப் போட்ட பிறகுதான் விலை சொல்வேன் என்பது நம்மூர்ப் பழக்கம். எந்த வேலைக்கு எவ்வளவு, என்ன சாமான், எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையைத் தாண்டினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் அதிலேயே எழுதுங்கள். செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைத் தன்னிடம் வைத்திருக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டம் 1950 பட்டறைக்காரருக்குத் தருகிறது. சண்டை போட்டு வண்டியை இழுத்துவர முயலாதீர்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். அவை சாட்சி.

ஏமாந்தாயிற்று, எங்கே போவது? பெரும்பாலோர் ஓடுவது பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு. ஐந்து வெள்ளிக் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை, 2019 திருத்தத்துக்குப் பின் 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் மனு செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 கணக்கில் எடுப்பது, சாதாரணமாக வீட்டுக்கும் சொந்த உபயோகத்துக்கும் வாங்கப்படும் பொருளைத்தான். பிழைப்புக்காக வாங்கிய லோடர் டிராக்டர் அதற்குள் வராது என்று எதிர்த்தரப்பு முதல் நாளே சொல்லும். முகப்பில் இருப்பவர்கள் இதைச் சொல்லாமல் மனுவை வாங்கிப் போடுவதும், ஏழை மனிதர் மாதக்கணக்கில் காத்திருந்து திரும்புவதும் எரிச்சலூட்டுகிறது.

உங்களுக்கான வழி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறை. 2012 நீதிமன்ற விதிகளின் 93ஆவது ஆணை. கோரும் தொகை 5,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. படிவம் 198. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். கிள்ளானில் வாங்கியிருந்தால் கிள்ளான் நீதிமன்றம், கோலாலம்பூர் என்றால் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம். மனுவுக்கு முன் விற்றவருக்குக் கோரிக்கைக் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ரசீது, வங்கிப் பரிமாற்றத் தாள், படங்கள், வாட்ஸ்அப் உரையாடல், வேறொரு பட்டறை எழுதித் தந்த பழுது மதிப்பீடு, இத்தனையும் இணையுங்கள். எதிர்த்தரப்புக்குப் படிவம் 199இல் பதில் தர 14 நாள். தொகை 5,000 வெள்ளிக்கு மேலே, ஒரு லட்சம் வெள்ளிக்குள் என்றால் அதே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சாதாரண வழக்கு. அதற்கு வழக்கறிஞர் இருப்பது நல்லது. ஒப்பந்த வழக்குக்கு ஆறு ஆண்டு வரை கெடு உண்டு. அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள், விற்றவர் கடையை மூடிவிடுவார். வீட்டுப் பொருளுக்கு 50,000, பண்ணைக்காரரின் பிழைப்புக் கருவிக்கு வழக்கறிஞர் இல்லாத வழி வெறும் 5,000. இந்த இடைவெளியை நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வியாக எழுப்ப வேண்டும்.

உயிர் விஷயம் தனி. பழைய சின்ன டிராக்டர்கள் பலவற்றில் கவிழும்போது காக்கும் சட்டகம் கிடையாது. சுவீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பழைய ஜப்பானிய குபோத்தாக்கள் அமெரிக்காவுக்குள் வருவது 1997இல் தடுக்கப்பட்டபோது, அங்கே விற்கும் வண்டியிலிருந்து இவை வேறுபடுகின்றன என்று காட்டப்பட்ட இடங்களில் பாதுகாப்புச் சாதனங்களும் இருந்தன. வண்டிக்கென்று சோதித்துச் செய்த சட்டகத்தைப் பொருத்துங்கள். பட்டறையில் குழாயை வளைத்து ஒட்டியது உயிரைக் காக்காது. லோடர் வேலையின்போது வண்டியின் பின்புறம் எடை கட்டுங்கள், நிரம்பிய பக்கெட்டைத் தரையோடு தாழ்த்தி ஓட்டுங்கள். பழுது பார்க்கும்போது லோடர் கையைத் தரையில் இறக்குங்கள், உயர்த்திய கைக்குக் கீழே தலையை நீட்டாதீர்கள். எண்ணெய்க் கசிவை விரலால் தேடாதீர்கள், அட்டைத் துண்டால் தேடுங்கள். அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்தால் அதே நாளில் அறுவை சிகிச்சை தேவைப்படும். ஸ்டார்ட்டரை ஸ்க்ரூடிரைவரால் உரசி ஓடவைக்காதீர்கள். கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறும்.

பக்கெட்டில் ஆளை ஏற்றாதீர்கள். கோயில் தோரணம் கட்டவும், மாங்காய் பறிக்கவும், விளக்கு மாட்டவும் இதைச் செய்கிறார்கள். குழாய் ஒன்று வெடித்தால் ஆள் கீழே விழுவார். மீண்டும் சொல்கிறேன், பக்கெட்டில் ஆளை ஏற்றாதீர்கள்.

வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள், அந்த ஆள் வெளிநாட்டுத் தொழிலாளி என்றாலும் அவரைச் சொக்சோவில் பதியுங்கள். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். நான்கு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்கு ஜேகேகேபி 6 படிவம் ஏழு நாளில் போக வேண்டும். தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதலாளி கடமை தவறினால் அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை போகலாம். தனியாக உழைப்பவர்கள் 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோவிலேயே பதியலாம். விவசாயமும் கால்நடை வளர்ப்பும் அதில் அடக்கம்.

கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 செப்டம்பரில் ரவாங்கில் ஆற்று நீர் மாசுபட்டு நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளில் குழாய் வறண்டது. அதிகாரிகள் சந்தேகித்தது கனரக இயந்திரம் பழுதுபார்க்கும் ஓர் ஆலையை. பழைய என்ஜின் எண்ணெய், ஹைட்ராலிக் எண்ணெய், பேட்டரி எல்லாம் 2005 விதிகளின்படி அட்டவணைக் கழிவுகள். உரிமம் பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் பட்டறையைப் பார்த்து அவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

இந்த வாரம் வண்டி பார்க்கப் போகிறவர்கள் அடையாள அட்டையையும் பேனாவையும் எடுத்துச் செல்லுங்கள், முன்பணத்தை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். சேசிஸ் எண் தெரியவில்லை என்றால் விலையே பேசாமல் திரும்புங்கள்.