கீரைப் பாத்தியில் காட்மியம்

லயத்துக்குப் பின்னால் போட்ட கீரை மஞ்சள் பூத்தால், "உரம் பத்தலை" என்று இன்னொரு கைப்பிடி அள்ளிப் போடுகிறவர்கள் தானா ராத்தா பக்கத்துத் தோட்டங்களில் உண்டு. பல நேரம் காரணம் அதுதான். தழைச்சத்தோ மக்னீசியமோ இரும்போ குறைந்தால் இலை வெளுக்கும். ஆனால் உர மூட்டையோடு சேர்ந்து வரக்கூடிய காட்மியம் என்னும் உலோகத்தையும் நம் தாய்மார்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இலை ஒரு தொழிற்சாலை. வெயில்தான் அதற்கு விறகு. வேர் ஏற்றும் தண்ணீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு செடி தனக்கு வேண்டிய சர்க்கரையைச் சமைத்துக்கொள்கிறது. இதுவே ஒளிச்சேர்க்கை. வெயிலைப் பிடித்துக் கொடுப்பது இலையிலுள்ள பச்சையம். பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம்; அதை உண்டாக்க இரும்பும் வேண்டும்.

காட்மியம் துத்தநாகத்தின் சாயல் கொண்டது. வேர் ஏமாந்து உள்ளே விட்டுவிடுகிறது. நுழைந்ததும் இரும்பையும் மக்னீசியத்தையும் சரியாக ஏறவிடாது. பச்சையத்தை ஆக்கும் நொதிகளை முடக்கும். இலையின் மூச்சுத் துளைகளை மூடவைக்கும். விறகும் இல்லை, தண்ணியும் இல்லை என்றால் அடுப்படியில் என்ன நடக்கும்? இளம் இலை வெளுத்து, வேர் குட்டையாகி, செடி அப்படியே நின்றுபோகும்.

இதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. மனிதனுக்கு ஆகாத அளவு காட்மியம் ஏறியிருந்தாலும் கீரை பச்சைப்பசேலென்றே இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இலைக்குள் ஏறியது கழுவினாலும் போகாது. உடம்பில் சேர்ந்தால் அது சிறுநீரகத்தில் தங்கும். பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் பிடிக்கும்.

ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரையில் நடந்தது இதுதான். மேலே கமியோக்கா சுரங்கத்தின் கழிவு ஆற்றில் கலந்து நெல்வயலில் பாய்ந்தது. அந்தச் சோற்றைத் தின்றவர்களுக்கு, அதிலும் பல பிள்ளை பெற்ற நடுவயதுப் பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டு எலும்பு நொறுங்கியது. "வலிக்குதே, வலிக்குதே" என்று அவர்கள் கதறியதே "இத்தாய் இத்தாய்" என நோயின் பெயராகிவிட்டது. 1968இல் ஜப்பானிய அரசு காட்மியமே காரணம் என்று ஒப்புக்கொண்டது.

நமக்கு அத்தனை பயம் வேண்டாம். நாம் கவனிக்க வேண்டியது பாஸ்பேட் உரத்தை. அது பாறையிலிருந்து வருவது. பாறைக்குப் பாறை காட்மியம் கூடும், குறையும். போட்டுக்கொண்டே இருந்தால் மண்ணில் சேரும். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். அந்த மண்ணில்தான் காட்மியம் எளிதில் கரைந்து வேருக்குப் போகிறது. தேயிலைச் செடி அதில் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திக்கொள்ளும். கீரைகள் அப்படியல்ல, இலைக்கே ஏற்றிவிடும். பீன்ஸ், தக்காளி அவ்வளவு ஏற்றுவதில்லை.

ஆகவே கீரைப் பாத்திக்கு மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத்தூள் போடுங்கள். மண்ணின் புளிப்பும் குறையும், மக்னீசியமும் கிடைக்கும். (தேயிலைக்குப் போட்டுவிடாதீர்கள்!) பழைய பேட்டரி, பெயிண்ட் டின், பிளாஸ்டிக் எரித்த சாம்பலைப் பாத்தியில் கொட்டாதீர்கள். காலி உரச் சாக்கில் அரிசி வைக்காதீர்கள். உரம் போட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள்.

இரத்தச்சோகை உள்ள பெண்களின் குடல் காட்மியத்தை அதிகமாக உறிஞ்சும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை ஜன்னல் ஓரத்தில் போட்டுவைக்கும் அக்காமார்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். ஆண்களுக்கும் ஒரு சேதி: புகையிலைச் செடி காட்மியத்தை இலையில் சேர்ப்பதில் கெட்டிக்காரச் செடி. சிகரெட் பிடிப்பவர் உடம்பில் பிடிக்காதவரைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு காட்மியம் இருக்கும்.

ஐரோப்பிய நாடுகள் 2022 முதல் தங்கள் பாஸ்பேட் உரத்துக்கு எல்லை கட்டிவிட்டன: ஒரு கிலோ பாஸ்பேட்டுக்கு 60 மில்லிகிராம் காட்மியத்துக்கு மேல் கூடாது. நம் தோட்டத்துக்கு வரும் மூட்டையில் எவ்வளவு இருக்கிறது? கிளைக் கூட்டத்தில் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்கவேண்டிய கேள்வி இது.