குரோமார்ட்டி: கல்லும் கடலும் காட்டும் ஊர்

(பி.எஸ்.சி., இரண்டாம் ஆண்டு, நிலவியல்)

சுற்றுலா என்றவுடன் பெருநகரங்களும் அரண்மனைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஏறக்குறைய 700 பேர் மட்டுமே வாழும் ஒரு கடற்கரைச் சிற்றூர் நிலவியல் வரலாற்றில் நீங்காத இடம் பெற்றிருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள குரோமார்ட்டியே அவ்வூர். நான் அதை நேரில் கண்டதில்லை. நூல்களின் வழியாகவும் நிலப்படத்தின் வழியாகவுமே அதைச் சுற்றி வந்தேன். அவ்வாறு சுற்றியபோது கண்டவற்றை நண்பர்களுக்கும் காட்டவே இக்கட்டுரை.

கடல் வாயிலில் இரு காவலர்

குரோமார்ட்டி, 'கருந்தீவு' எனப்படும் நிலப்பகுதியின் முனையில் அமைந்துள்ளது. பெயரில்தான் தீவு, உண்மையில் அது ஒரு தீபகற்பம். ஊரை ஒட்டி, நிலத்துக்குள் நெடுந்தூரம் புகுந்து கிடக்கிறது ஒரு கடற்கழி. அதன் குறுகிய வாயின் இருபுறமும் இரண்டு குன்றுகள் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றுக்குச் 'சூட்டர்கள்' என்று பெயர். ஸ்காட்லாந்து வழக்கில் 'சூட்டர்' என்றால் செருப்புத் தைப்பவர். முன்னொரு காலத்தில் செருப்புத் தைக்கும் அரக்கர் இருவர் இந்தக் குன்றுகளில் வாழ்ந்தனராம். தங்கள் கருவிகளைக் கடலுக்கு மேலே வீசி மாற்றிக்கொள்வார்களாம்!

கதை அவ்வாறிருக்க, நிலவியல் கூறுவது வேறு. சுற்றிலும் இருப்பது சிவப்பு மணற்கல். சூட்டர்களோ அதைவிட மிகப் பழமையான, கடினமான பாறையால் ஆனவை. அதனால்தான் அலையும் மழையும் அரித்த பின்னும் அவை தலை நிமிர்ந்து நிற்கின்றன.

தென் சூட்டரின் உச்சியிலிருந்து நோக்கினால் ஒரு பக்கம் திறந்த கடலும் மறு பக்கம் அமைதியான கழியும் விரிகின்றன. இரண்டு உலகப் போர்களின்போதும் அமைக்கப்பட்ட பீரங்கி மேடைகளின் சிதைவுகளை அங்கே இன்றும் காணலாம். ஆயினும், பகைவரின் கப்பல் எதுவும் தாக்காமலேயே இக்கழியில் ஒரு பேரிழப்பு நேர்ந்தது. 1915 டிசம்பர் 30 அன்று, நங்கூரமிட்டிருந்த 'நேட்டல்' என்னும் போர்க்கப்பல் உள்வெடிப்பால் கவிழ்ந்தது. ஏறக்குறைய 400 பேர் மாண்டனர்.

காலம் நின்ற தெருக்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ராஸ் என்னும் நிலக்கிழார் இவ்வூரில் சணல் நெசவுச் சாலையையும் 1773-இல் நீதிமன்றக் கட்டடத்தையும் எழுப்பினார். வேலை தேடி மலைப்பகுதிகளிலிருந்து வந்த கேலிக் மொழித் தொழிலாளருக்காகத் தனி வழிபாட்டு இல்லமும் கட்டப்பட்டது. இன்று நீதிமன்றம் அருங்காட்சியகமாகிவிட்டது. வழிபாட்டு இல்லம் கூரையின்றி நிற்கிறது.

பின்னர் வாணிகம் குன்றியது. ஊருக்கு இருப்புப்பாதை போடத் தொடங்கினார்கள். அதுவும் முதல் உலகப் போரோடு நின்றுபோயிற்று. வளர்ச்சி வராததால் பழைய வீடுகளை இடிக்கவும் தேவை வரவில்லை. வறுமை காத்த அழகு என்றே இதைச் சொல்லவேண்டும். 1830-களிலும் 1840-களிலும் பிழைப்பு தேடி இத்துறையிலிருந்து கப்பலேறியவர்களின் நினைவாக, 2002-இல் கரையில் ஒரு கல் நாட்டப்பட்டது.

கூரை வீட்டில் பிறந்த அறிஞர்

இவ்வூரில் எல்லோரும் தேடிச் செல்லும் இடம், வெள்ளையடித்த ஒரு கூரை வீடு. 1802 அக்டோபர் 10 அன்று ஹியூ மில்லர் இங்கேதான் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதானபோது, கப்பல் தலைவரான தந்தை கடலில் மறைந்தார். தாய்மாமன்மார் இருவரின் அரவணைப்பில் வளர்ந்த சிறுவன், பள்ளி ஆசிரியரோடு கைகலந்து பள்ளியை விட்டே வெளியேறினான். 1820-இல், 17 வயதில், கற்கொத்தரிடம் வேலை கற்கச் சேர்ந்தான்.

கல் எடுக்கும் குழியில் முதல் நாட்களிலேயே அவர் ஓர் அதிசயத்தைக் கண்டார். பிளந்த மணற்கல்லின் மேல், நீர் வடிந்த கடற்கரை மணலில் காண்பதைப் போன்ற அலைவரிகள்! ஆழம் குறைந்த நீர் மணலின் மேல் அசையும்போது இவ்வரிகள் உண்டாகின்றன. அவற்றின் மேல் மெல்ல வண்டல் படிந்து மூடி, பின் எல்லாம் இறுகிப் பாறையானால் வரிகள் அழிவதில்லை. ஆகவே, இந்தக் கல் ஒரு காலத்தில் நீருக்கடியில் கிடந்த மணல் என்பது அவருக்கு விளங்கியது.

1830-இல் ஊர்க் கடற்கரையில் கிடந்த உருண்டைக் கற்களை உடைத்துப் பார்த்தார். உள்ளே மீன்கள் இருந்தன! 38 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அங்கே இருந்த பெரும் ஏரியில் வாழ்ந்தவை அவை. இறந்த மீனைச் சுற்றிச் சேற்றில் சுண்ணாம்புப் பொருள் திரண்டு உறையாக இறுகியதால், உடல் சிதையாமல் தங்கியது. அக்காலத்தில் அறிஞர் பலர், தொல்லுயிர்ப் படிவம் அரிதாகவே கிடைக்கும் பாறை என்று பழைய சிவப்பு மணற்கல்லைப் பற்றி எண்ணியிருந்தனர். அதற்குள் ஒரு மீன் உலகமே புதைந்திருப்பதைக் காட்டியவர்களுள் இந்தக் கற்கொத்தரும் ஒருவர்.

அவற்றுள் ஒன்றுக்கு உடலெங்கும் எலும்புக் கவசம். இருபுறமும் சிறகு போன்ற உறுப்புகள். மீன் படிவங்களில் பேரறிஞரான லூயி அகாசி, 1840-இல் அதற்குச் 'சிறகு மீன்' எனப் பொருள்படும் பெயரிட்டு, மில்லரின் பெயரையும் சேர்த்து வழங்கினார். 1841-இல் வெளிவந்த மில்லரின் 'பழைய சிவப்பு மணற்கல்' என்னும் நூலைப் பண்டிதரும் பாமரரும் படித்தனர்.

ஆனால், கல் அவரிடம் விலையும் வாங்கியது. எடின்பரோவில் வேலை செய்தபோது கல் தூசி நுரையீரலைக் கெடுத்தது. அந்நகரக் கற்கொத்தர்களில் நாற்பது வயதை நலமாகக் கடந்தவர் மிகச் சிலரே என்று அவர் எழுதியிருக்கிறார். கல் உடைப்பவர் வீட்டில் பிறந்த என்னால் அந்த வரியை எளிதில் கடந்து செல்ல முடியவில்லை.

ஊருக்கு வெளியே உள்ள பழைய இடுகாட்டில், 1839-இல் இறந்த தம் பெண்குழந்தைக்கு அவரே செதுக்கிய கல் நிற்கிறது. அவர் உளி பிடித்துச் செதுக்கிய கடைசிக் கல் அதுவே. 1856-இல் மில்லர் மறைந்தார். 1859-இல் ஊரின் மேட்டில், கேலிக் வழிபாட்டு இல்லத்தின் அருகே, உயர்ந்த தூணின் மேல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

இன்றைய காட்சி

1846-இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம் 2006-இல் ஓய்வு பெற்றது. அதை ஒட்டிய கட்டடங்களில் அபர்டீன் பல்கலைக்கழகத்தார் டால்பின்களையும் கடல்நாய்களையும் ஆராய்கின்றனர். கரையில் நின்றபடியே டால்பின்கள் துள்ளுவதைக் காணலாம். எதிர்க்கரையான நிக்கில், 1970-களில், வடகடல் எண்ணெய்க்கான இரும்பு மேடைகளைக் கட்டத் தொடங்கினர். பழைய மீனவர் வீடுகளுக்குப் பின்னணியாக அம்மேடைகள் எழுந்து நிற்பது விந்தையான காட்சி! அம்மீனவர்களின் தனிப் பேச்சுவழக்கோ, அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதரோடு 2012-இல் மறைந்துவிட்டது. கல் காத்துத் தந்ததை நாவு காக்கத் தவறிவிட்டது.

மில்லர் தம் வாழ்க்கை வரலாற்றுக்கு 'என் பள்ளிகளும் பள்ளி ஆசிரியர்களும்' என்று பெயர் வைத்தார். கற்குழி, கடற்கரை, தாய்மாமன்மார், உடன் உழைத்தவர்கள் எல்லோரையும் அப்பெயரில் அடக்கினார்.

சென்ற ஆண்டு செய்முறை வகுப்பில், பாறை பிளக்கும் தளங்களின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். விடுமுறையில் அவற்றைத் தந்தையாரிடம் பெருமையோடு சொன்னேன். அவர் சம்மட்டியால் ஒருமுறை தட்டி, ஓசையைக் கேட்டு, கல் பிளக்கும் பக்கத்தை விரலால் காட்டினார். அவருக்குத் தெரிந்ததற்குப் பெயர் மட்டுமே நான் கற்றிருந்தேன்.

நண்பர்களே! நம்முள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிவிட வேண்டா. குரோமார்ட்டியைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டாமல் போகலாம். உழைக்கும் கையிலும் அறிவு உண்டு என்பதை அவ்வூரின் கூரை வீட்டிலிருந்து கற்றுக்கொண்டால், அதுவே அங்குச் சென்று வந்த பயனைத் தரும்.